‘நீ’ என்று விளிக்கப்பட்டவர் யார்? ஏழு சபைகளுக்கான செய்திகளும் தமிழ் வாசிப்பும்

(நீண்ட பதிவு. ஆய்வேட்டின் பகுதி அன்று. அதன் ஓரத்தில் முளைத்த ஒரு கேள்வி.)

ராமச்சந்திராபுரத்தில் 1960களில் பெல் ஆலை தொடங்கிய பின்னர் வேலையின் பொருட்டு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுள் கிறித்தவர்கள் சிலர் கூடும் ஞாயிறு மாலைத் தமிழ் ஆராதனை ஒன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த போதகர் சுவரில் ஒரு துணி வரைபடத்தைத் தொங்கவிட்டார். ஏழு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குத்துவிளக்கு; அதன் கீழே ஒரு சபையின் பெயரும் ஆண்டுக் கணக்கும். எபேசு அப்போஸ்தலர் காலம். சிமிர்னா உபத்திரவ காலம். பெர்கமு கான்ஸ்டன்டைன் காலம். தியத்தீரா போப்புகளின் காலம். சர்தை சீர்திருத்தக் காலம். பிலதெல்பியா மிஷனெரிகளின் காலம். கடைசியாக லவோதிக்கேயா, நம் காலம். அனலும் இல்லை, குளிரும் இல்லை. ஆகையால் முடிவு சமீபம் என்றார்.

கூட்டம் முடிந்து தேநீர் அருந்துகையில், பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார்: “அந்தக் கடுதாசி எல்லாம் ஊர் பேர் போட்டுத்தானே எழுதியிருக்கு? இவர் ஏன் வருஷம் போட்டுச் சொல்றார்?” மொழியியல் முதுகலை படித்து, முனைவர் பட்டத்துக்காகப் பழந்தமிழ் ஆவணங்களோடு மல்லுக்கட்டும் எனக்கு, அதைவிடத் துல்லியமாக அந்தக் கேள்வியை வடிக்க இயலாது. இப்பதிவு அவருக்கான விடை.

1. வேந்தன் ஓலையின் நடை

வெளிப்படுத்தின விசேஷம் என்று சீர்திருத்தச் சபைத் தமிழிலும், திருவெளிப்பாடு என்று கத்தோலிக்கத் தமிழிலும் வழங்கும் நூலின் 2, 3ஆம் அதிகாரங்களில் ஏழு செய்திகள் உள்ளன. பத்மு தீவில் இருந்த யோவான் என்பவர், உரோமரின் ஆசியா மாகாணத்து ஏழு நகரச் சபைகளுக்கு எழுதியவை. தொமீத்தியன் (கி.பி. 81–96) ஆட்சியின் இறுதியில் இந்த நூல் எழுந்ததாக இரனேயு கூறுகிறார், பெரும்பாலான ஆய்வாளர்கள் இதனை ஏற்கின்றனர்.

இவற்றைக் ‘கடிதங்கள்’ என்று அழைப்பது வழக்கம். ஆயினும் கிரேக்கக் கடிதத்துக்குரிய வாழ்த்தும் நலம் விசாரிப்பும் இவற்றில் இல்லை. ஒவ்வொரு செய்தியும் ‘தாதெ லெகெய்’, அதாவது ‘இவற்றைச் சொல்கிறார்’, என்ற தொடரோடு தொடங்குகிறது. யோவானின் காலத்திலேயே அது பழமை தட்டிய தொடர். எபிரேய இறைவாக்கினர்களின் நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதனைக் கையாண்டனர். பாரசீக வேந்தன் கோரேசின் ஆணையும் அதே தொடரில்தான் கிரேக்கத்தில் தரப்பட்டுள்ளது. இச்செய்திகளின் வடிவம் அரசாணைகளின் வடிவத்தை ஒட்டியது என்று டேவிட் ஆனி வாதிட்டுள்ளார். தன்னை ஆண்டவன் என்று அழைக்கச் சொன்ன பேரரசன் ஒருவனின் மாகாணத்தில், நாடுகடத்தப்பட்ட ஒருவர் வேறொரு வேந்தனின் ஆணையை அதே அரச நடையில் எழுதுகிறார். அந்த நடையே அவருடைய எதிர்ப்பு.

தமிழ் ஆவண மரபை அறிந்தவர்களுக்கு இவ்வடிவம் புதிதன்று. சோழ அரசனின் ஆணை ‘திருமுகம்’ எனப்பட்டது. அது நாட்டார்க்கோ ஊரார்க்கோ சபையார்க்கோ விடுக்கப்பட்டது. திருமுகம் வரக் கண்டு எதிரே சென்று, தொழுது, வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டதாகச் சோழர் செப்பேடுகளில் நாட்டாரே சொல்வார்கள். அதன்பின் நடப்பதுதான் நமக்கு முக்கியம்: அவர்கள் பிடி சூழ்வார்கள். பெண்யானையை நடத்திச் சென்று, ஆணை குறிக்கும் நிலத்தின் எல்லையைச் சுற்றிவருவார்கள். தலைமேல் வைத்த ஓலை, குறிப்பிட்ட ஒரு மண்ணின் மேல் யானையின் கால்தடம் பதிந்த பிறகே நடைமுறைக்கு வந்தது. எல்லா ஊருக்கும் பொதுவாக, எந்த ஊரையும் சுட்டாமல் நிலக்கொடைத் திருமுகம் ஒன்று எழுதப்பட்டிருந்தால் பிடி எங்கே சூழும்?

ஏழு செய்திகளுக்கும் இவ்வாறு ஒரு மண் உண்டு. எபேசுவிலிருந்து வடக்கே சிமிர்னா, பெர்கமு; அங்கிருந்து தென்கிழக்காகத் திரும்பித் தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. ஓலை கொண்டுசெல்பவன் நடந்திருக்கக்கூடிய வழியின் வரிசை இது என்று 1904இல் வில்லியம் ராம்சே எடுத்துக்காட்டினார். இன்றைய துருக்கியில் இஸ்மிரும் பெர்கமாவும் அக்கிசாரும் அலாசெகிரும் அந்த வழியிலேயே உள்ளன.

2. ஊர்களின் நினைவு

சர்தைக்கு ‘விழித்திரு’ என்ற எச்சரிக்கை வருகிறது. திருடன் வருவதுபோல் வருவேன் என்ற பொருளும் தொடர்கிறது. செங்குத்தான மலைமேல் அமைந்த அந்நகரின் கோட்டை, காவல் இல்லாத பக்கத்தின் வழியே ஏறிவந்த பகைவரிடம் இருமுறை வீழ்ந்தது: கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கோரேசின் படையிடமும், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அந்தியோக்கின் படையிடமும். அவ்வூராரிடம் ‘விழித்திரு’ என்பது, ஆழிப்பேரலையைக் கண்ட நாகப்பட்டினத்தாரிடம் ‘கடலைப் பார்த்திரு’ என்பதைப் போன்றது.

பிலதெல்பியா கி.பி. 17இல் நிலநடுக்கத்தால் பாழானது. நில அதிர்வுக்கு அஞ்சி அவ்வூரார் பலர் நகருக்கு வெளியே வயல்வெளிகளில் வாழ்ந்ததாக ஸ்திராபோ குறிப்பிடுகிறார். பேரரசின் உதவிக்கு நன்றியாக நகரம் தனக்கு ‘நியோ கைசரேயா’ என்ற புதுப் பெயரையும் சூட்டிக்கொண்டது. அச்சபைக்குக் கிடைக்கும் வாக்குறுதிகள் மூன்று: அசையாத தூணாக்கப்படுவாய், இனி வெளியே போக வேண்டியிராது, உன்மேல் புதிய பெயர் எழுதப்படும்.

பெர்கமுவில் ‘சாத்தானின் அரியணை’ இருப்பதாகச் செய்தி சொல்கிறது. உரோமைத் தேவிக்கும் அகுஸ்துவுக்கும் ஆசியா மாகாணம் எடுத்த முதற்கோயில் (கி.மு. 29) அங்கேதான் இருந்தது. தியத்தீராவின் கல்வெட்டுகளில் தொழிற்குழுக்களின் பெயர்கள் நிறைய உண்டு. குழுவில் இருந்தால்தான் பிழைப்பு. குழுவில் இருந்தால் அதன் தெய்வத்துக்குப் படைத்த விருந்தில் உட்கார வேண்டும். பெர்கமுவுக்கும் தியத்தீராவுக்குமான செய்திகளில் படையலுணவு பற்றிய கண்டனம் ஏன் அவ்வளவு கடுமையாக உள்ளது என்பது இந்தப் பின்னணியில் விளங்கும். யாரோடு உண்பது என்பதே அங்கு வழக்கு.

லவோதிக்கேயா பணப்புழக்கம் மிக்க நகரம். கருநிற ஆட்டு மயிருக்குப் பெயர்பெற்றது. கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் சரிந்தபோது உரோமின் உதவியின்றித் தன் செல்வத்தாலேயே எழுந்தது என்று தாசித்து எழுதுகிறார். ‘எனக்கு ஒரு குறையுமில்லை’ என்ற தற்பெருமையைச் செய்தி அதன் வாயிலேயே வைக்கிறது. வெதுவெதுப்பு என்ற உருவகத்துக்கு, அருகிலிருந்த இயராப்போலியின் வெந்நீர் ஊற்றுகளையும் கொலோசேயின் குளிர்நீரையும் எதிரெதிரே வைத்து விளக்கம் சொல்வார்கள். ஆயின் கிரெய்க் கோஸ்டர் போன்றோர், இது விருந்து மேசையில் பருகும் பானத்தைக் குறித்த பொதுவான உருவகமே, ஊரின் குழாய்நீரைத் தேட வேண்டியதில்லை என்பர். இந்த மறுப்பு பயனுள்ளது; ஒவ்வொரு சொல்லுக்கும் அகழாய்வுச் சான்று கேட்பதும் ஒருவகை மிகையே. எவ்வாறாயினும் ஒன்று தெளிவு: வெந்நீர் ஆற்றும், தண்ணீர் குளிர்விக்கும், இரண்டுமே நல்லவை. வரைபடம் சொல்வதுபோல ‘அனல்’ பக்தியையும் ‘குளிர்’ பக்தியின்மையையும் குறித்தால், குளிராயிருந்தாலும் நலமே என்று சொல்லப்படுவதற்குப் பொருள் ஏது?

3. ‘நீ’யும் ‘நீங்க’ளும்

இனி என் துறைக்கு வருகிறேன். ஒவ்வொரு செய்தியும் சபையின் ‘அங்கெலோஸ்’ என்பவருக்கு எழுதப்படுகிறது. தூது சுமப்பவர் என்பது அச்சொல்லின் அடிப்பொருள்; மண்ணுலகத் தூதருக்கும் விண்ணுலகத் தூதருக்கும் அது பொது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பின் ‘தூதன்’ அந்த இருபொருளை அப்படியே காக்கிறது. குறளின் தூது அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு அச்சொல் சிறகுள்ளவரை மட்டும் குறிக்காது. ‘வானதூதர்’ என்ற திருவிவிலியத்தின் (1995) தேர்வு இரண்டில் ஒன்றைத் தீர்மானித்துவிடுகிறது.

தூதன் ஒருவன் ஆதலால் முன்னிலை ஒருமையில் இருக்கிறது. எபேசு, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய நான்கனுக்கும் சபையை விளிக்கும் முன்னிலை முழுவதும் ஒருமையே. ஏனைய மூன்றில் இடையே உடைகிறது. சிமிர்னாவிடம் அஞ்சாதே என்பது ஒருமை. சிறையில் தள்ளப்படப்போவது ‘உங்களில்’ சிலர் என்னும்போது பன்மை. உண்மையாயிரு என்னும்போது மீண்டும் ஒருமை. பெர்கமுவில் அந்திப்பா கொல்லப்பட்டது ‘உங்களிடையே’. தியத்தீராவில் கூலி ‘உங்களில்’ ஒவ்வொருவருக்கும். இரத்தமும் சிறையும் தீர்ப்பும் வரும் இடங்களில், சபை என்ற ஒற்றை முகத்துக்குப் பின்னால் தனித்தனி உடல்கள் தென்படுகின்றன. இன்றைய ஆங்கிலம் ஒருமையையும் பன்மையையும் ஒரே சொல்லால் சொல்வதால் இந்த உடைவு அதில் மறைந்துவிடுகிறது. தமிழிலும் தெலுங்கிலும் மறைவதில்லை.

வேறொன்றும் உண்டு. கிரேக்கத்தில் ஒருமை முன்னிலை ஒன்றே. அதில் மரியாதை வேறுபாடு இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதனை ஆளுக்கேற்பப் பிரித்தனர். மன்னனிடம் பேசும்போது ‘நீர்’, கடவுளிடம் ‘தேவரீர்’, பிள்ளையிடமும் வேலைக்காரனிடமும் ‘நீ’. இச்செய்திகளில் அவர்கள் ‘நீ’யையே தேர்ந்தனர். நம் ஊரில் ‘நீ’ அன்பின் சொல், அதிகாரத்தின் சொல்லும்கூட. பண்ணையார் வயதில் மூத்த கூலியாளை ‘நீ’ என்றார். கூலியாள் திருப்பிச் சொல்ல முடியாது. செல்வச் செருக்குள்ள லவோதிக்கேயாவும், வறுமையில் வாடும் சிமிர்னாவும் இங்கு அதே ‘நீ’யால் விளிக்கப்படுகின்றன. செல்வரின் தகுதிக்கேற்ப ‘நீர்’ இல்லை. தமிழ்ச் சூழலில் இது சிறிய செய்தி அன்று.

‘சபை’ என்ற சொல்லையும் பார்க்கலாம். கிரேக்க ‘எக்லேசியா’ முதலில் நகரக் குடிமக்களின் பேரவை. எபேசு அரங்கில் கூடிக் கூச்சலிட்ட நகரத்தாரையும் அப்போஸ்தலர் நடபடிகள் அதே சொல்லால் குறிக்கிறது. தமிழ்ச் ‘சபை’ உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்த பிராமண ஊரவை. இங்கே ராமச்சந்திராபுரத்துத் தெலுங்கு அயலார் அதனை ‘சங்கமு’ என்கின்றனர். மூன்று சொற்களுமே ஓர் இடத்தில் கூடிய ஆட்களைக் குறிப்பவை. காலத்தைக் குறிப்பது இவற்றுள் ஒன்றுமில்லை.

4. ஊர் எப்போது காலமானது?

பண்டைய வாசகர்களும் இச்செய்திகளைத் தமக்கானவையாகவே கொண்டனர். ஆனால் அதற்கு அவர்களுக்கு ஆண்டுக் கணக்கு தேவைப்படவில்லை. பொதுவாக 2ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் முரத்தோரிப் பட்டியல், யோவான் ஏழு சபைகளுக்கு எழுதினாலும் எல்லாச் சபைகளோடும் பேசுகிறார் என்கிறது. நூலுக்குள்ளேயே இதற்கு வழி உண்டு. ஒவ்வொரு செய்தியும், காதுள்ளவன் எவனோ அவன் ‘சபைகளுக்கு’ உரைக்கப்படுவதைக் கேட்கட்டும் என்ற பொருளில் ஒரே வாய்பாட்டை உடையது. கேட்பவன் ஒருமை, சபைகள் பன்மை. ஏழும் ஒரே சுருளில் இருந்ததால், லவோதிக்கேயாவைப் பற்றிய கண்டனம் சிமிர்னாவிலும் உரக்க வாசிக்கப்பட்டது. அயலூரின் குற்றத்தைக் கேட்டுத் தன் ஊரை எண்ணிப்பார்ப்பதே பொதுமைக்கான வழி.

ஏழு ஊர்கள் ஏழு காலங்களாகப் பரவலாக மாறியது பின்னாளில். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் பிரைட்மன் சர்தையை ஜெர்மானியச் சீர்திருத்தத்தோடும், பிலதெல்பியாவை ஜெனீவா, ஸ்காட்லாந்துச் சபைகளோடும், லவோதிக்கேயாவைத் தம் இங்கிலாந்துச் சபையோடும் பொருத்தினார். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டின் குறிப்புரை விவிலியம் ஏழு கால அட்டவணையை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. 1960களில் வில்லியம் பிரன்ஹாம் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு ‘தூதனை’ ஆள்பெயர் சொல்லிக் காட்டினார். ராமச்சந்திராபுரத்துத் துணி வரைபடம் இந்த மரபின் பிள்ளை.

அந்த வரைபடத்தில் கிழக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘தியத்தீரா காலம்’ என்று போப்புகளுக்கு ஒதுக்கப்பட்ட நூற்றாண்டுகளில், கி.பி. 849இல், கொல்லத்தில் வேணாட்டு அய்யனடிகள் தரிசாப்பள்ளி என்ற கிறித்தவக் கோயிலுக்கு நிலமும் உரிமைகளும் அளித்துச் செப்பேடு வழங்கினார். வட்டெழுத்தில் அமைந்தது, அதன் மொழி தமிழா, மலையாளமா என்று இன்றும் வாதிடுகிறோம், சான்றொப்பங்கள் அரபி, பகலவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. அந்தப் பள்ளியார் எந்தக் கட்டத்தில் அமர்வர்? ஐரோப்பாவின் சபை வரலாற்றை உலகத்தின் கடிகாரமாக்கினால், நம் முன்னோர் மணிகளுக்கு இடையே காணாமற்போகின்றனர்.

5. இரண்டு நிகழ்வுகள்

கணக்கிடும் வாசிப்பு எங்கே கொண்டுபோகும் என்பதற்குத் தென்னாட்டிலேயே சான்று உண்டு. பாலக்காட்டுப் பகுதித் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்று, ஆங்கிலிக்கன் போதகரான யூஸ்துஸ் யோசேப்பு, 1870களில் திருவிதாங்கூர் எழுப்புதலின் முன்னணியில் நின்றார். அவ்வியக்கம் 1881 அக்டோபர் 2 அன்று கிறிஸ்து வருவார் என அறிவித்தது. அக்டோபர் 3 வழக்கம்போல் விடிந்தது. இயக்கம் ‘யுயோமயம்’ என்ற தனிச் சபையாயிற்று. ஊரார் அதனை ‘அஞ்சரை வேதம்’ என்று எள்ளினர். அவ்வெள்ளலில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் தம் காலத்தை முழு நெஞ்சோடு வாசித்தவர்கள். ஆயினும் தேதி பொய்த்தபின் கேலி மட்டுமே ஊரார் நினைவில் நின்றது.

மற்றொன்று உண்மையாகவே ஒரு மடல். 1833 ஜூலையில், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய மிஷன் சபைகளுக்குச் சுற்றுமடல் விடுத்தார்: சாதி வேறுபாட்டைத் தயக்கமின்றி, உடனே, முற்றாகக் கைவிட வேண்டும், இருக்கையிலும் திருவிருந்திலும் அது கூடாது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் அது சபையின்முன் அறிவிக்கப்பட்டபோது வெள்ளாளர் பலர் வெளியேறினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரும் எதிர்நின்றார். விலகியோருள் பலர் பின்னர் லைப்சிக் லுத்தரன் மிஷனை நாடினர்.

வில்சனை யோவானோடு ஒப்பிட இயலாது. ஒருவர் பேரரசின் நிழலில் அமர்ந்து எழுதியவர். மற்றவர் பேரரசால் தீவுக்கு அனுப்பப்பட்டவர். வேற்றுநாட்டார் தம் வழக்கங்களில் கைவைப்பதாகத் தஞ்சையார் கொண்ட வருத்தத்தையும் வரலாறு பதிவுசெய்ய வேண்டும். ஆயினும் அதே மடலைக் கோயிலின் தனிப்பக்கத்தில் அமர்த்தப்பட்டிருந்தவர்கள் வேறு காதால் கேட்டிருப்பர். பெர்கமுவிலும் தியத்தீராவிலும் எழுந்த அதே வழக்கு இது: யாரோடு உண்பது? 1881இன் அறிவிப்பு தேதி கடந்ததும் பழையதாயிற்று. 1833இன் மடல் இன்னும் பழையதாகவில்லை. இன்றும் தனிக் கல்லறைத் தோட்டங்கள் உள்ள ஊர்களில் அது முகவரி மாறாமல் காத்திருக்கிறது.

6. மூதாட்டிக்கு

ஏழு காலங்களாக வாசிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. வெதுவெதுப்பு காலத்தின் நோய் என்றால் என் சபைக்குத் தனியே குற்றமில்லை. அட்டவணைப்படி நடப்பதற்கு யார் மனந்திரும்ப முடியும்? லவோதிக்கேயாவுக்கோ கதவு திறக்கும் வாய்ப்புச் சொல்லப்பட்டது. தட்டுபவர் வாசலில் நிற்பதாகவும் சொல்லப்பட்டது. திறப்பதற்குக் கதவு வேண்டும். கதவு ஏதேனும் ஒரு தெருவில்தான் இருக்கும்.

அம்மா, நீங்கள் கேட்டது சரி. ஊர்பெயர் போட்டுத்தான் எழுதியிருக்கிறது. அயலூர்க்காரரின் மடல் நம் ஊரிலும் வாசிக்கப்படுகிறது. அதைக் கேட்டு நாம் நம் ஊரை நினைக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அந்த வரைபடம் சுவரில் இருந்தால், கடைசிக் கட்டத்தில் ஆண்டுக் கணக்கை அழித்துவிட்டு ராமச்சந்திராபுரம் என்று எழுதி வாசிக்கலாம். நம்முள் யார் யாரோடு உண்பதில்லை, யாருடைய மகளுக்கு யார் பெண்கேட்டுச் செல்வதில்லை என்று அப்போது பேச்சு எழும். அது எளிய பேச்சாக இராது.

கிரேக்க இலக்கணக் குறிப்புகளிலோ கல்வெட்டுச் செய்திகளிலோ பிழை இருப்பின் துறையறிந்தோர் பின்னூட்டத்தில் திருத்துக. தத்தம் ஊர்ச் சபைகளில் இப்பகுதி எவ்வாறு போதிக்கப்பட்டது என்பதை மாணவ நண்பர்கள் எழுதினால் நன்றியோடு தொகுத்துக்கொள்வேன்.